வடகடலுக்கு (பாக் விரிகுடா) எந்த ஃபின், தென்கடலுக்கு (மன்னார் வளைகுடா) எந்த ஃபின்?

ராமநாதபுரம் மாவட்டத்துக் கீழக்கரைப் பக்கம் சங்கு குளிக்கிறவர்கள் காலில் அலுமினியத் தகட்டை மாட்டிக்கொண்டு இறங்குவது இந்தக் கரையில் பழகிய காட்சி. அந்தத் தகடு வளையாது. தண்ணீரைத் தள்ளும், அவ்வளவுதான். கடையில் விற்கும் ஃபின் (காலில் மாட்டும் நீச்சல் துடுப்பு) வளைந்து, பிறகு நிமிர்கிறது. அந்த நிமிர்வில்தான் மீதி வேகம் கிடைக்கிறது. உங்கள் தொடையின் பலத்துக்கு அது எவ்வளவு வளைய வேண்டும் என்பதுதான் பிளேடை, அதாவது ஃபின்னின் தகட்டுப் பகுதியைப் பற்றிய முக்கியக் கேள்வி. கார்பனா பிளாஸ்டிக்கா என்பதெல்லாம் அப்புறம்.

பிளேடுக்கும் முன்னால் கால். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பிளேடைப் பார்த்து வாங்கிவிட்டு, கால் நுழையும் பகுதியால் அவதிப்படுகிறார்கள். குதிகாலையும் மூடும் ஃபின் என்றால் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, காலைத் தூக்கிப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். குதிகால் நழுவினால் பெரிது. விரல்கள் மடங்கினால் சிறிது. விரல் நுனி முன்வாயைத் தொட்டுக்கொண்டோ, கொஞ்சம் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டோ இருக்கலாம். அப்படியே பத்து நிமிடம் உட்காருங்கள். புறங்காலில் எங்காவது அழுத்தினால், தண்ணீரில் அரை மணி நேரத்தில் அதே இடம் மரத்துப்போகும். தொளதொளப்பு இன்னும் மோசம். ஃபின் கழன்றுவிடாமல் இருக்க விரல்கள் தாமாகவே சுருண்டு பிடிக்கும், உள்ளங்காலில் குரக்குவலி இழுக்கும். ‘கடலுக்குள் போனால் எனக்குக் காலைப் பிடிக்கிறது’ என்கிறவர்கள் உப்பு, வாழைப்பழம் என்று மருந்து தேடும் முன் ஃபின் அளவைப் பார்ப்பது நல்லது.

நம் ஊர் 8 நம்பர் செருப்பு ஏறக்குறைய ஐரோப்பிய 42. ஃபின்னில் 42-43, 44-45 என்று இரண்டிரண்டாகத்தான் வரும். இடைப்பட்ட கால் என்றால் பெரியதை எடுத்து 1.5 மில்லிமீட்டர் நியோப்ரீன் (நுரை ரப்பர்) சாக்ஸ் போடுங்கள். மாட்டும்போது உள்ளே தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள். வறண்ட காலோடு குதிகால் ரப்பரைப் பிடித்து இழுத்தால் அந்த இடம்தான் முதலில் கிழியும்.

ஸ்கூபாவுக்கு (சிலிண்டர் கட்டி மூழ்குவதற்கு) இந்தக் கரையில் என் ஓட்டு பின்பக்கம் திறந்த, வார் வைத்த ஃபின்னுக்கே. தண்ணீர் குளிர்ச்சி என்பதால் அல்ல. 26 டிகிரிக்குக் கீழே அது அதிகம் இறங்காது. காரணம் அடிப்பாதம். கரையிலிருந்து நடந்து இறங்கும் இடமெல்லாம் செத்த பவளம், சிப்பி, கடல்முள்ளி. வார் வைத்த ஃபின்னைப் பூட்ஸ் மேல் மாட்டலாம். கெட்டியான அடி வைத்த 3 மில்லிமீட்டர் பூட்ஸ் போதும். அந்த பூட்ஸைக் கடைக்கு எடுத்துப்போய், அதோடுதான் ஃபின்னைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு கம்பெனியின் மீடியம் இன்னொரு கம்பெனிக்கு லார்ஜ்.

கனமான ரப்பர் ஃபின்னைப் பலர் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்கிறார்கள். குளிர்நாட்டில் காற்று அடைத்த உலர் உடை காலை மிதக்கவைக்கும், அதைக் கீழே இழுக்க அந்தக் கனம் உதவும். நாம் போடுவது மெல்லிய உடை. இங்கே அதே ஃபின் காலைத் தாழ்த்திவிடும். உடம்பு சாய்ந்து, உதைக்கும் ஒவ்வொரு உதையும் அடிமண்ணைக் கிளப்பும். மிதக்கவும் செய்யாத, பாரமாகவும் இழுக்காத நடுத்தர ஃபின்னே இங்கே தோது.

வடகடலுக்கு இது இன்னும் பொருந்தும். பாக் விரிகுடா ஆழமில்லாதது. அடியில் சேறும் கடற்புல்லும். வாடைக்காற்று காலத்தில் சும்மாவே கலங்கிக் கிடக்கும். மேலும் கீழுமாக உதைத்தால் பின்னால் வருகிறவருக்கு ஒன்றும் தெரியாது. தவளைபோல் பக்கவாட்டில் உதைக்கப் பழக வேண்டும், அதற்குக் குட்டையான, அகலமான, ஓரளவு விறைப்பான பிளேடு வேண்டும். நடுவில் பிளந்த ஃபின் முழங்காலுக்கு இதம்தான், ஆனால் தவளை உதைக்கும் பின்னோக்கி நகர்வதற்கும் சரிப்படாது.

தென்கடல் கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் கொந்தளிக்கும். ஓய்ந்த மாதங்களில் மன்னார் வளைகுடாவின் தெளிவு கிடைக்கும். பவளப்பாருக்கு மேலே நீந்தும்போது ஃபின் நுனி எங்கே இருக்கிறது என்ற நினைப்பு இருக்க வேண்டும். உடைந்த கிளைப் பவளம் மீண்டும் வளர ஆண்டுக்கணக்கில் ஆகும். (இந்த வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே இறங்கக் கூடாது.) பாம்பன் கால்வாய் ஓட்டத்துக்கு எந்த ஃபின் நல்லது என்று கேட்காதீர்கள். ஒரு நாட் (மணிக்குச் சுமார் 1.85 கிலோமீட்டர்) ஓட்டத்தையே ஸ்கூபா சாமானோடு சில நிமிடங்களுக்கு மேல் எதிர்த்து நீந்த முடியாது.

மூச்சடக்கி மூழ்குகிறவர்களுக்குக் கணக்கு வேறு. நீள பிளேடு, கால் நுழையக் குதிகால் மூடிய கூடு. இரண்டும் தனித்தனியாகக் கழற்றி மாட்டும்படி இருந்தால் பிளேடு உடைந்தாலும் கூடு பிழைக்கும். பிளாஸ்டிக் கனம், ஆனால் கல்லில் பட்டாலும் தாங்கும். ஃபைபர் கிளாஸ் இலகு, நிமிர்வும் நன்றாக இருக்கும். கார்பன் இன்னும் இலகு, ஆனால் பாறை விளிம்பில் ஒரு அடி வாங்கினால் பிளந்துவிடும். 5 மீட்டர் ஆழத்தில் பவளப்பாருக்கு நடுவே இறங்குகிறவருக்குக் கார்பன் வீண் செலவு.

விறைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது வீரம் வேண்டாம். 60 கிலோவுக்குள் இருக்கிறவர்கள் மென்மையானதையே எடுக்கலாம். இறங்கும்போது எல்லா பிளேடும் சுகமாகத்தான் இருக்கும். மேலே வரும்போது, ஆக்சிஜன் குறைந்த நேரத்தில், தொடை எரிந்தால் அது உங்களுக்கு விறைப்பு. அப்போது கால் தானாகவே முழங்காலை மடக்கி சைக்கிள் மிதிக்க ஆரம்பிக்கும். பிளேடு தண்ணீரைத் தள்ளாமல் வெட்டிக்கொண்டு போகும். கூட இறங்கியவர் மேலிருந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஏணி இல்லாத வள்ளத்தில் திரும்ப ஏறுவதற்கும் ஃபின் தேவை. எடை பெல்ட்டை முதலில் மேலே கொடுங்கள், பிறகு சிலிண்டரையும் மிதவை ஜாக்கெட்டையும். ஃபின்னைக் கழற்றாமல் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்து, ஒரே உதையில் வயிற்றை விளிம்பில் போடுங்கள். ஏணி இருந்தால் ஏணியைப் பிடித்த பிறகே கழற்ற வேண்டும்.

வாரை மாதம் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். மடங்கும் இடத்தில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் அன்றே மாற்றுங்கள். ஸ்பிரிங் வார் இந்தத் தொல்லையைக் குறைக்கும், விலையும் கூடும். நல்ல தண்ணீரில் அலசி நிழலில் படுக்கையாக வையுங்கள். சுவரில் நுனி ஊன்றிச் சாய்த்தால் பிளேடு வளைந்துவிடும். பிளாஸ்டிக் பிளேடு வளைந்துவிட்டால், கை பொறுக்காத சூட்டில், ஆனால் கொதிக்காத தண்ணீரில் சில நிமிடம் முக்கி, சமதளத்தில் வைத்து மேலே அரிசி மூட்டையை ஏற்றி ஆறவிடுங்கள். பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். ஃபைபரிலும் கார்பனிலும் இந்த வேலையைச் செய்து பார்க்காதீர்கள்.