46 விநாடிப் பாடலும் பசை தடவிய உறையும்

பெங்களூரு சுல்தான்பேட்டையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பைண்டிங் வேலை பார்த்த என் அப்பா, கையில் எந்தக் காகித உறை கிடைத்தாலும் எழுத்தைப் படிப்பதற்கு முன் அதன் வாயைத் திறந்து உள்ளே பார்ப்பார். எங்கே மடித்திருக்கிறார்கள், எந்தப் பக்கம் பசை தடவியிருக்கிறார்கள், மடிப்பு காகிதத்தின் நார் போகும் திசையிலா குறுக்கேயா என்பதெல்லாம் அவருக்கு அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். ஹார்ட்கோர் பங்க் என்ற அதிவேக ராக் வகை இசைத்தட்டுகளைப் பதினைந்து ஆண்டுகளாகக் கேட்டுவரும் நான், அந்த இசையை ஏன் இவ்வளவு மதிக்கிறேன் என்பதை அவருடைய இந்தப் பழக்கத்தின் வழியாகத்தான் தெளிவாகப் புரிந்துகொண்டேன்.

நண்பர் ஒருவர் வாஷிங்டனிலிருந்து திரும்பும்போது, மைனர் திரெட் குழுவின் முதல் இரண்டு ஏழு அங்குலச் சிறுதட்டுகளையும் சேர்த்து வெளியிட்ட பன்னிரண்டு அங்குலத் தட்டை எனக்காக வாங்கி வந்திருந்தார். அல்சூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அப்பாவுக்கு அதன் கதையைச் சொன்னேன். 1980-இல் வாஷிங்டன் நகரத்தில் டீன் ஐடில்ஸ் என்று ஒரு பள்ளிப் பிள்ளைகள் குழு இருந்தது. அது கலைந்தபோது கச்சேரிகளில் சேர்ந்த சுமார் 600 டாலர் கையில் மிஞ்சியது. அதைப் பங்கு பிரித்துக்கொள்ளாமல், தாங்கள் வாசித்ததற்கு ஓர் அடையாளம் இருக்கட்டும் என்று எட்டுப் பாடல்களை ஒரு சிறுதட்டாகப் போட முடிவு செய்தார்கள். அதற்காகத் தொடங்கியதுதான் டிஸ்கார்ட் என்ற வெளியீட்டகம். இயன் மெக்காய், ஜெஃப் நெல்சன், நேதன் ஸ்ட்ரெஜ்செக் ஆகிய மூவர் அதைத் தொடங்கினார்கள்; இவர்களில் மெக்காயும் நெல்சனும்தான் பிறகு மைனர் திரெட்டை அமைத்தார்கள். அந்த முதல் தட்டுக்கு உறை எப்படிச் செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. எனவே ஓர் ஆங்கிலேயக் குழுவின் சிறுதட்டு உறையைப் பசை விட்டுப் பிரித்து, தாளில் விரித்து வைத்து, அதைச் சுற்றிக் கோடு வரைந்து, அந்த அளவில் அச்சடித்து, பிறகு ஒவ்வொன்றாகக் கத்திரியால் வெட்டி, மடித்து, ஒட்டினார்கள்.

அப்பா அதுவரை மரியாதைக்காகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். இந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நாங்களும் அப்படித்தாம்பா பண்ணுவோம்" என்றார். கல்யாணப் பத்திரிகைக்குப் புது மாதிரி கவர் ஒன்று சந்தைக்கு வந்தால், அதை வெந்நீர் ஆவியில் காட்டிப் பிரித்து, அட்டையில் வைத்து அளவெடுத்துத்தான் இவர்களும் செய்திருக்கிறார்கள். எழுந்துபோய் பழைய பத்திரிகைக் கவர் ஒன்றை எடுத்துவந்து, இட்லிப் பானையின் ஆவியில் காட்டி, மடல் மடலாக விரித்துக் காட்டினார். ஏழு அங்குலத் தட்டு என்றால் உள்ளளவு ஏழேகாலாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தட்டு ஓரத்தில் உரசிப் பிடித்துக்கொள்ளும் என்று கணக்கும் சொன்னார். கத்திரியால் வெட்டினார்கள் என்பதை மட்டும் அவரால் ஏற்க முடியவில்லை. கட்டிங் மெஷினுக்குக் கொடுத்திருந்தால் ஒரு மணி நேர வேலை என்றார். பிறகு தம் வலது கைப் பெருவிரலைத் தடவியபடியே, நூறு உறை வெட்டுவதற்குள் இந்த இடம் கொப்பளித்திருக்கும் என்றார்.

அந்தக் கொப்பளம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. பாடியவர்களும் வாசித்தவர்களும் தங்கள் தட்டின் உறையைத் தாங்களே ஒட்டினார்கள் என்பதைச் சிக்கனம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அந்த இசை எப்படி உருவானதோ அப்படித்தான் அந்த உறையும் உருவானது. யாருடைய அனுமதிக்கும் காத்திருக்காமல், இருக்கிற பணத்தில், தெரிந்த வரையில், ஆனால் துளியும் அலட்சியமில்லாமல் செய்த வேலை அது. அவர்கள் பாடல்களைப் பதிவு செய்த இன்னர் இயர் என்ற ஒலிப்பதிவுக் கூடமும் டான் ஜியென்டாரா என்பவர் வர்ஜீனியாவின் ஆர்லிங்டனில் தம் வீட்டிலேயே அமைத்திருந்ததுதான்.

ஹார்ட்கோர் என்றால் வெறும் இரைச்சல் என்று நினைப்பவர்களுக்கு மைனர் திரெட்டின் 1981-ஆம் ஆண்டு முதல் சிறுதட்டைப் போட்டுக் காட்டுவேன். எட்டுப் பாடல்கள் சேர்ந்து பத்து நிமிடம்கூட ஆவதில்லை. அவற்றில் 'ஸ்ட்ரெய்ட் எட்ஜ்' 46 விநாடிதான். குடியும் போதையும் எனக்கு வேண்டாம் என்று ஓர் இளைஞன் நேராகச் சொல்லும் அந்தப் பாடலில் முன்னுரை இல்லை, நீட்டல் இல்லை, கிதார் தனி ஆவர்த்தனமும் இல்லை. அந்த வேகத்திலும் பாடகர் மெக்காயின் ஒரு சொல்கூட விழுங்கப்படுவதில்லை. மூன்றாம் காலத்தில் பாடும்போது சாகித்யம் சிதையக் கூடாது என்று நம் பாட்டு வாத்தியார்கள் கண்டிப்பார்களே, அதே கண்டிப்பை நான் இங்கே கேட்கிறேன். நால்வரும் ஒரே நொடியில் நிறுத்தி, ஒரே நொடியில் மறுபடியும் எடுக்கிற இடங்களில் ஜெஃப் நெல்சனின் டிரம்ஸை மட்டும் தனியே கவனித்தால், எத்தனை நாள் ஒத்திகை அதற்குள் இருக்கிறது என்பது தெரியும். அப்பாவும் அதைத்தான் பிடித்தார். பாட்டு அவருக்குப் பிடித்ததாகச் சொல்லவில்லை. "அடிக்கிற பையன் தாளத்தை விடல" என்று மட்டும் சொன்னார்.

அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வேகத்தைக் கற்றுக்கொடுத்த ஆசான்கள் என்று பேட் பிரெயின்ஸ் குழுவைத்தான் சொல்ல வேண்டும். முன்பு மைண்ட் பவர் என்ற பெயரில் ஜாஸ் ஃப்யூஷன் வாசித்துக்கொண்டிருந்த நான்கு கறுப்பின இளைஞர்கள் அவர்கள். கடினமான வாசிப்பில் ஏற்கெனவே பழகிய விரல்கள் என்பதால்தான், தலைதெறிக்கும் வேகத்திலும் டாக்டர் நோவின் கிதாரும் டாரில் ஜெனிஃபரின் பேஸும் ஒன்றையொன்று உரசாமல் ஓடுகின்றன. திடீரென்று வேகம் அடங்கி ஜமைக்காவின் ரெகே இசை தொடங்கும் இடங்களில், கொட்டும் மழை நின்று தாழ்வாரத்தில் சொட்டுவது போன்ற அமைதி வரும். அவர்களுடைய முதல் முழு ஆல்பத்தை 1982-இல் நியூயார்க்கின் ராய்ர் நிறுவனம் கேசட்டாக மட்டுமே வெளியிட்டது. மஞ்சள் அட்டையில், அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தின் குவிமாடத்தை மின்னல் தாக்கிப் பிளக்கும் படம். ஸ்ரீராம்புரத்து ரெக்கார்டிங் கடையில் பாட்டுகளின் பட்டியலை எழுதிக் கொடுத்து, கேசட்டுக்கு இரண்டு நாள் காத்திருந்த தலைமுறைக்கு, ஒரு கேசட் கைமாறி கைமாறி ஊர் ஊராகப் போவது எப்படி என்று விளக்க வேண்டியதில்லை.

கலிஃபோர்னியாவின் பிளாக் ஃபிளாக் குழுவிடம் எனக்கு இசையை விட அதன் பின்னால் இருந்த உழைப்பின் மீதுதான் மதிப்பு அதிகம். குழுவின் கிதார் கலைஞர் கிரெக் ஜின், இளம் வயதில் வானொலிப் பாகங்களைத் தபாலில் விற்க வைத்திருந்த எஸ்எஸ்டி என்ற பெயரிலேயே தட்டுகளையும் வெளியிட்டார். குழுவின் சின்னமான நான்கு கறுப்புப் பட்டைகளை வரைந்தவர் அவருடைய தம்பி ரேமண்ட் பெட்டிபான். 1981-இல் 'டேமேஜ்ட்' ஆல்பத்தை விநியோகிக்க வேண்டிய எம்சிஏ நிறுவனத்தின் தலைவர், இது பெற்றோருக்கு எதிரான தட்டு என்று சொல்லி மறுத்துவிட்டார். குழுவினர் அந்த வாசகத்தையே வில்லையாக அச்சடித்து, உறையில் இருந்த நிறுவன முத்திரையின் மேல் ஒட்டி அனுப்பினார்கள். இங்கேயும் பசைதான்!

டிஸ்கார்ட் வெளியீடுகளின் பின்னட்டையில், தபால் செலவு உட்பட விலை இவ்வளவு என்று அச்சடித்திருப்பார்கள். நம் ஊர்த் தீப்பெட்டியில் அதிகபட்ச விலை போட்டிருப்பது போல, இதற்கு மேல் எவருக்கும் கொடுக்காதே என்று வாங்குபவரின் பக்கம் நின்று பேசும் எண் அது. மெக்காய் பிறகு தொடங்கிய ஃபுகாசி குழு, நுழைவுக் கட்டணத்தை 5 டாலர் அளவிலேயே வைக்கப் பல ஆண்டுகள் பிடிவாதமாக முயன்றதும் இந்த எண்ணத்தின் தொடர்ச்சிதான். இந்த நேர்மை அவர்களுடைய பாடல்களிலிருந்து பிரிக்க முடியாதது என்பது என் உறுதியான எண்ணம். விலையில் ஏமாற்றுகிறவனுடைய குரலில் 'ஸ்ட்ரெய்ட் எட்ஜ்' பாடலை என்னால் நம்பிக் கேட்க முடியாது.

மைனர் திரெட் தட்டின் முகப்பில், மழித்த தலையை முழங்கால்களின் மேல் கவிழ்த்துப் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பவர் இயனின் தம்பி அலெக். ஒவ்வொரு அச்சிலும் அந்தப் படம் வேறு வேறு நிறத்தில் வந்திருக்கிறது. அப்பாவிடம் அதைச் சொன்னபோது, தகடு அதே தகடுதான், மையை மட்டும் கழுவி மாற்றியிருப்பார்கள் என்றார்.

சென்ற மாதம் கூரியரில் வந்த இன்னொரு தட்டின் உறை முதுகுப் பக்கம் முழுக்கக் கிழிந்திருந்தது. செலோ டேப்பை எடுத்த என் கையை அப்பா தடுத்துவிட்டார். டேப் பழுப்பேறி, காகிதத்தையும் சேர்த்துத் தின்றுவிடுமாம். மைதாவில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டுப் பசை காய்ச்சி, மெல்லிய தாளை விரல் அகலத்துக்கு நறுக்கி, கிழிசலின் உள்பக்கமாக வைத்து ஒட்டி, மேலே இரண்டு அகராதிகளை அடுக்கினார். மறுநாள் காலை வரை அதைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். உறையில்லாமல் வெள்ளைத் தாளில் சுற்றிய தட்டை அன்றிரவு மூன்று முறை போட்டுக் கேட்டோம்.