டேட்டாவுக்கும் வில்லங்கம் பார்க்கணும்

வரைபடத்தில் நான் ஏற்றிய திருத்தத் தொகுப்புக்கு, அதாவது சேஞ்ச்செட்டுக்குக் கீழே ஒரே ஒரு வரிதான் இருந்தது. “இந்தத் தரவுக்கு அனுமதி எங்கே?” வணக்கம் இல்லை, பெயர் இல்லை. ஒரு உள்ளாட்சித் துறை வெளியிட்டிருந்த பேருந்து நிறுத்தப் பட்டியலை அப்போது, தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் திறந்த வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் (ஓஎஸ்எம்) ஏற்றிக்கொண்டிருந்தேன். மொத்தம் 4,000 சொச்சம் புள்ளிகள், அதில் மூன்றில் ஒரு பங்கு ஏறிவிட்டது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “அரசாங்கமே திறந்த தரவு என்று போட்டுக் கொடுத்திருக்கிறது, இன்னும் யாரிடம் அனுமதி?” என்று பதில் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டேன்.

காலையில் எழுந்து பார்த்தால் அதே ஆள் பொறுமையாக ஒரு நீண்ட பதில் எழுதியிருந்தார். அதைப் படித்த பிறகுதான், ஜிப் கோப்புக்குள் ஷேப்ஃபைல் என்ற வரைபடத் தரவுக் கோப்போடு வந்திருந்த அந்தச் சின்ன டெக்ஸ்ட் கோப்பை முதல் தடவையாகத் திறந்தேன். உண்மையைச் சொன்னால், அதுவரை யாரும் திறக்கவில்லை. நான்கு பேர் கொண்ட குழு, இரண்டு மாத வேலை, நகல் புள்ளிகளைக் கண்டுபிடிக்கத் தனியாக ஸ்கிரிப்ட் எல்லாம் எழுதியிருந்தோம். அந்த டெக்ஸ்ட் கோப்பின் கடைசி வரி: முகவரிப் புலம் வெளி நிறுவனம் ஒன்றிடமிருந்து பெறப்பட்டது, அதன் உரிமை அந்த நிறுவனத்துக்கே.

நிலம் வாங்குகிறவர் பத்திரத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பணம் கொடுப்பதில்லை, வில்லங்கம் போட்டுப் பார்ப்பார். நாங்கள் இணையதளத்தின் மேலே இருந்த உரிமத்தின் பெயரைப் பார்த்ததோடு சரி. ஒரு துறை தன்னிடம் இல்லாத உரிமையை எப்படித் தர முடியும்? பிரிட்டனின் திறந்த அரசு உரிமம் இதை வெளிப்படையாகவே சொல்கிறது. தகவல் தருபவருக்கே வழங்க அதிகாரம் இல்லாத மூன்றாம் தரப்பு உரிமைகள் இந்த உரிமத்துக்குள் வராது என்று அதில் தனியாக ஒரு விலக்கு இருக்கிறது. அதை முன்பே படித்திருக்கிறேன். படித்ததும் உறைத்ததும் வேறு வேறு நாளில் நடந்தன, அவ்வளவுதான்.

சரி, முகவரியை மட்டும் கழற்றிவிட்டால் போதுமா என்றால், அதுவும் இல்லை. மீதித் தரவு கிரியேட்டிவ் காமன்ஸ் பை 4.0 (சிசி பை) உரிமத்தில் இருந்தது. பெயரைச் சொல்லிவிட்டு என்ன வேண்டுமானாலும் செய்துகொள் என்கிற உரிமம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் ஓஎஸ்எம் வெளியே போவது ஓடிபிஎல் என்ற, தரவுத்தளங்களுக்கான வேறொரு உரிமத்தில். இரண்டும் இரண்டு இடத்தில் இடிக்கின்றன என்று ஓஎஸ்எம் அறக்கட்டளையின் உரிமப் பணிக்குழு 2017இலேயே விளக்கி எழுதியிருக்கிறது.

முதல் இடி, பெயர் சொல்வது. ஓஎஸ்எம் வரைபடத்தை எடுத்துத் தன் செயலியில் போடுகிறவர் ‘ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்’ என்று ஒரு வரி போடுவார். அதில் அந்தத் துறையின் பெயர் இருக்காது. ஆயிரக்கணக்கான மூலங்களிலிருந்து வந்த தரவை வைத்துக்கொண்டு எல்லாருடைய பெயரையும் ஒரு போன் திரையின் மூலையில் போட முடியாது, அதனால் விக்கியில் பங்களிப்பாளர்களுக்கென்று ஒரு பக்கம் வைத்து அங்கே பட்டியலிடுகிறார்கள். அது போதும் என்று தரவு கொடுத்தவர் சொல்ல வேண்டும், நாமாக முடிவு செய்துகொள்ளக் கூடாது. இரண்டாவது இடி, பூட்டு. சிசி பை உரிமத்தில் வந்ததை, அடுத்தவர் அதன் உரிமைகளைப் பயன்படுத்த முடியாதபடி தொழில்நுட்பப் பூட்டுப் போட்டுக் கொடுக்கக் கூடாது. ஓடிபிஎல்லோ, பூட்டிய பிரதியைக் கொடுத்துக்கொள், ஆனால் பூட்டாத பிரதியும் கூடவே கிடைக்க வேண்டும் என்கிறது. கார் நேவிகேஷன் கருவிக்குள் வரைபடத்தை அடைத்து விற்பவருக்கு இந்த வித்தியாசம் பெரிது. எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை என்பது இங்கே கணக்கே இல்லை. நான் ‘சேமி’ பொத்தானை அழுத்தும்போது, முகம் தெரியாத அந்த ஆளுக்கும் சேர்த்துத்தான் வாக்குக் கொடுக்கிறேன்.

இந்த வாக்கு பொய்த்தால் என்ன ஆகும் என்பதை ஓஎஸ்எம் ஒரு முறை பெரிய அளவில் பார்த்திருக்கிறது. 2012 செப்டம்பர் 12 அன்று பழைய சிசி பை-எஸ்ஏ உரிமத்திலிருந்து ஓடிபிஎல்லுக்கு மாறினார்கள். அதற்கு முன் ஜூலையில் ஒரு பாட் (தானியங்கி நிரல்) ஓடி, புதிய நிபந்தனைகளை ஏற்காதவர்கள் செய்த திருத்தங்களை நீக்கியது. சில நாடுகளில் ஓட்டை ஓட்டையாக வரைபடம். அந்தக் காலத்தில் வேலை செய்தவர்களிடம் உரிமம் பற்றி அலட்சியமாகப் பேசிப் பாருங்கள், முகம் மாறும். என் சேஞ்ச்செட்டில் கேள்வி கேட்டவரும் அந்தத் தலைமுறை ஆள் என்பது பிறகு தெரிந்தது.

ஏற்றியதை எல்லாம் ரிவர்ட் செய்தோம், அதாவது பழைய நிலைக்கே திருப்பினோம். ரிவர்ட் செய்தால் வரைபடத்திலிருந்து போகும், வரலாற்றிலிருந்து போகாது. பழைய பதிப்பை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், அதனால் முகவரிப் புலம் இருந்த பதிப்புகளை மறைக்கச் சொல்லி ஓஎஸ்எம்மில் இப்படிப்பட்ட சிக்கல்களைக் கவனிக்கும் டேட்டா ஒர்க்கிங் குரூப்புக்கு எழுத வேண்டியிருந்தது. தப்பைத் திருத்துவது ஒரு வேலை, தப்பு செய்தேன் என்று ஊரறிய எழுதுவது இன்னொரு வேலை. இரண்டாவதுதான் அதிக நேரம் எடுத்தது.

அப்புறம் அந்தத் துறைக்குக் கடிதம். முதல் கடிதத்தில் “உங்கள் தரவை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பயன்படுத்தலாமா?” என்று கேட்டேன். ஒரே வாரத்தில் பதில்: “திறந்த தரவுதான், தாராளமாகப் பயன்படுத்தலாம்.” சந்தோஷமான பதில், பைசாவுக்குப் பிரயோஜனம் இல்லை. கேள்வி தப்பு என்பதால் பதிலும் அப்படி. இரண்டாவது கடிதத்தில் அறக்கட்டளை வைத்திருக்கும் மாதிரிக் கடிதத்தைத் தழுவி, விக்கிப் பக்கத்தில் பெயர் போட்டால் போதுமா, பூட்டு பற்றிய அந்த ஒரு நிபந்தனையை எங்களுக்காக விட்டுக்கொடுக்கிறீர்களா என்று இரண்டே இரண்டு கேள்விகள் வைத்தேன். மூன்று மாதம் பதிலே இல்லை.

நான்காவது மாதம் ஒருவர் போனில் கூப்பிட்டார். அந்தத் தரவைப் பராமரிப்பவர், ஓய்வுக்குச் சில வருடங்களே இருக்கும்போல.

“எங்க பேர் எங்க வரும்?” என்றார்.

வரைபடத்தைத் திறக்கச் சொன்னேன். வலது கீழ் மூலையில் இருக்கும் சின்ன எழுத்தை அழுத்தச் சொன்னேன். காப்புரிமைப் பக்கம் வந்தது, அங்கிருந்து விக்கிக்கு ஒரு சுட்டி, அங்கே நீண்ட பட்டியல்.

“அப்போ மூணு தட்டு தட்டினாத்தான் நாங்க தெரிவோம்.”

“ஆமா சார்.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பெயருக்கு ஆசைப்படுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி இல்லை. இந்தத் தரவை யாராவது பயன்படுத்துகிறார்களா என்று ஒவ்வொரு வருடமும் மேலிடத்தில் கேட்கிறார்களாம், காட்ட ஒன்றும் இருக்காதாம். பெயர் எங்கே வருகிறது என்பது அவருக்கு அடுத்த வருடமும் அந்த வேலை நடக்குமா என்ற கேள்வி. பெயர் போடுவதை ஒரு சட்டச் சடங்காக மட்டுமே அதுவரை பார்த்திருந்தேன்.

அவருடைய அடுத்த கவலை நேர் எதிரானது. யாராவது ஒரு நிறுத்தத்தை நகர்த்திவைத்து அது தப்பாகப் போனால் புகார் எங்களுக்கு வராதா? நியாயமான கேள்வி. பெயர் வேண்டும், ஆனால் அந்தப் பெயர் முத்திரை மாதிரியும் ஆகக் கூடாது. பட்டியலில் பெயர் இருப்பதால் தரவை அவர்கள் சரிபார்த்தார்கள் என்றோ பொறுப்பேற்கிறார்கள் என்றோ அர்த்தம் இல்லை என்று எழுத்தில் கொடுத்தேன். ஒவ்வொரு சேஞ்ச்செட்டிலும் தரவு எங்கிருந்து வந்தது என்று குறிக்கும் சோர்ஸ் டேகில் துறையின் பெயரையும் கோப்பின் தேதியையும் போடுவோம், எது அவர்களிடமிருந்து வந்தது, எதை அப்புறம் ஒரு தன்னார்வலர் மாற்றினார் என்று எப்போது வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம் என்றும் சொன்னேன்.

போனை வைக்கும் முன் ஒன்று கேட்டேன், கேட்காமலே விட்டிருக்கலாமோ என்று இன்றும் சில நாள் தோன்றும். “இந்த ஆயத்தொலைவுகளை எப்படி எடுத்தீங்க சார்?”

ஜிபிஎஸ் கருவியோடு ஆள் போய் எடுத்தது என்றார். பிறகு, “ஒரு முன்னூறு மட்டும் தப்பா இருந்துச்சு, ஆபீஸ்ல உக்காந்து மேப்பைப் பார்த்துச் சரி பண்ணாங்க.”

எந்த மேப்? அவருக்குத் தெரியவில்லை, செய்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். கூகுள் மேப்பைப் பார்த்து நகலெடுக்கக் கூடாது என்பது ஓஎஸ்எம்முக்கு வருகிற புதியவருக்கு முதல் நாளே சொல்லித்தரும் பாடம். அதே வேலையை ஒரு அலுவலகம் செய்து, மேலே அரசு உரிமத்தை ஒட்டிக் கொடுத்தால் சரியாகிவிடுமா? எங்கள் குழுவிலேயே இதில் சண்டை. யாருக்குத் தெரியப் போகிறது என்றார் ஒருவர். தெரியாதுதான். ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டதே. அந்த 300ஐயும் விட்டுவிடுவது என்று முடிவானது. நல்லவேளையாக, எந்த வரிசைகள் திருத்தப்பட்டவை என்று கோப்பிலேயே ஒரு நெடுவரிசையில் குறித்திருந்தார்கள்.

எழுத்துப்பூர்வமான அனுமதி அடுத்த இரண்டு வாரத்தில் வந்தது, இரண்டு கேள்விக்கும் தெளிவாக ‘ஆம்’. கூடவே முகவரிப் புலம் இல்லாத புதிய கோப்பு. இந்த முறை இம்போர்ட் (மொத்தமாக ஏற்றும்) திட்டத்தை முதலில் விக்கியில் எழுதி, கடிதத்தை அங்கேயே இணைத்து, தனிக் கணக்கு தொடங்கி, விவாதத்துக்கு வைத்துவிட்டுக் காத்திருந்தோம். முதலில் கேள்வி கேட்ட அதே ஆள் வந்து கோப்பில் இன்னும் இரண்டு பிழை கண்டுபிடித்துக் கொடுத்தார். ஏற்றிய மறுநாள் அதிகாரியிடமிருந்து மின்னஞ்சல், பட்டியலில் துறையின் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கிறதாம். திருத்தினேன்.

விட்டுவைத்த 300ஐத் தன்னார்வலர்கள் நேரில் போய்ப் பார்த்துக் குறித்துக்கொண்டு வருகிறார்கள். போன வாரக் கணக்குப்படி 40 சொச்சம் பாக்கி. போய்ப் பார்த்ததில் பதினோரு இடத்தில் நிறுத்தமே இல்லை.