‘ஒன்றுமில்லை’ என்று எழுதும் வேலை

வேலையில் சேர்ந்த முதல் மழைக்காலம். புறநோயாளிகள் பிரிவின் வாசலில் ஒரு அம்மா என்னை மடக்கினார். இடுப்பில் மூன்று வயதுப் பையன், மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. நான்கு நாள் முன்பு அவன் தொண்டையில் ஸ்வாப் எடுத்திருந்தோம்.

“ரிசல்ட் என்னாச்சு மேடம்?”

“நெகட்டிவ்மா. ஒண்ணுமில்லை.”

“ஒண்ணுமில்லைன்னா இவனுக்கு ஏன் இன்னும் உடம்பு சுடுது?”

என்னிடம் பதில் இல்லை. அப்போது நாங்கள் தேடியது இன்ஃபுளுயன்சாவை, அதாவது ஃப்ளூவை மட்டும். அவனைப் படுத்தியது நாங்கள் தேடாத வேறு ஏதோ. அந்த அம்மாவிடம் சொல்லவே முடியாத இன்னொன்றும் இருந்தது: அந்த ஸ்வாப் அவனுக்காக எடுத்ததே இல்லை. ஊருக்காக எடுத்தது.

கண்காணிப்பு ஆய்வகத்தின் வேலை அதுதான். 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல், கூடவே இருமல், ஆரம்பித்து 10 நாளுக்குள். இந்த மூன்றும் பொருந்தி வருகிறவர்களில் தினமும் முதலில் வரும் சிலரிடம் மாதிரி எடுப்போம். இளஞ்சிவப்பு திரவம் உள்ள குப்பியில் ஸ்வாப்பை முறித்துப் போட்டு, ஐஸ் பேக் வைத்த பெட்டியில் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். வாரக் கடைசியில் எத்தனை மாதிரி, அதில் எத்தனை பாசிட்டிவ் என்று மேலே போகும். சிகிச்சை ரிசல்ட்டுக்காகக் காத்திருப்பதில்லை. மருத்துவர் அன்றைக்கே மருந்து எழுதி அனுப்பிவிடுவார்.

‘முதலில் வரும் சிலர்’ என்பது உப்புச்சப்பில்லாத விதியாகத்தான் எனக்கும் பட்டது. ஒரு வருடம் ஒரு மையத்திலிருந்து வந்த மாதிரிகளில் பாசிட்டிவ் திடீரென்று எகிறியது. பெரிய அலை வருகிறது என்று பதறிப்போய் விசாரித்தால், அங்கே புதிதாகச் சேர்ந்த இளம் மருத்துவர், பார்த்தாலே ஃப்ளூ என்று தெரிகிறவர்களை மட்டும் பொறுக்கி அனுப்பியிருக்கிறார். “மத்ததெல்லாம் நெகட்டிவ்தானே மேடம் வரும்? உங்க டெஸ்ட் கிட்டை எதுக்கு வீணாக்கணும்னு...” நல்ல மனசுதான், கோபப்பட முடியவில்லை. ஆனால் பத்தில் மூன்று என்பதற்கும் வெறும் மூன்று என்பதற்கும் உள்ள வித்தியாசத்தில்தான் எங்கள் பிழைப்பே ஓடுகிறது. கீழே இருக்கும் அந்தப் பத்தை ஒருவர் இஷ்டத்துக்குக் கலைத்துவிட்டால் மேலே இருக்கும் மூன்றுக்கு அர்த்தமே கிடையாது. அந்த இரண்டு மாதக் கணக்கை ஓரம்கட்ட வேண்டியதாயிற்று.

நெகட்டிவிலும் பொய் நெகட்டிவ் உண்டு. ஒவ்வொரு மாதிரியிலும் வைரஸோடு சேர்த்து மனித மரபணு ஒன்றையும் பிசிஆரில் தேடுவோம். ஆர்என்ஏஸ் பி என்று பெயர். ஸ்வாப் ஒழுங்காகத் தொண்டையைத் தொட்டிருந்தால் நாலு செல்லாவது ஒட்டியிருக்கும், இந்த மரபணு கட்டாயம் தெரியும். ஒரு முறை ஒரே பெட்டியில் வந்த பாதிக்கு மேற்பட்ட குப்பிகளில் அது வரவே இல்லை. வைரஸ் இல்லாதது சரி, ஆளே இல்லையே!

நேரில் போய்ப் பார்த்தேன். குழந்தைகள் அழ ஆரம்பித்ததும் ஸ்வாப்பை நாக்கு நுனியில் ஒரு தடவு தடவி, குப்பியில் போட்டுவிடுகிறார்கள். கேட்டேன். அந்த சிஸ்டர் என்னைவிட இருபது வயது மூத்தவர், சலித்துக்கொண்டார். “பிள்ளை வீறிடுது, அம்மாக்காரி முறைக்கிறா, வெளியே அறுபது பேர் க்யூ. நீங்க ஏசி ரூம்ல இருக்கீங்க.” நியாயம்தானே. அன்று முழுக்க அவரோடு நின்றேன். பிள்ளையை அம்மாவின் மடியில் உட்காரவைத்து, தலையை அவர் மார்போடு சேர்த்துப் பிடிக்கச் சொல்லி, பின்தொண்டையைத் தொட்டு எடுக்க வேண்டும். பிள்ளை ஓங்கரித்தால் சரியான இடம் என்று அர்த்தம். மதியத்துக்குள் என் சட்டையில் மூன்று பிள்ளைகள் வாந்தி எடுத்திருந்தார்கள். சாயங்காலம் சிஸ்டரே டீ வாங்கிக்கொடுத்தார். அடுத்த வாரப் பெட்டியில் எல்லாக் குப்பியிலும் மனிதர்கள் இருந்தார்கள்.

சென்னையில் ஃப்ளூ வடகிழக்குப் பருவமழையோடு, அக்டோபர் நவம்பர் வாக்கில் ஏறும். டெல்லியில் அது ஜூலை, ஆகஸ்ட் மழையோடு வரும். ஸ்ரீநகரில் குளிர் உச்சத்தில் இருக்கும் ஜனவரி, பிப்ரவரியில். ஒரே நாடு, மூன்று சீசன். தடுப்பூசியை எந்த மாதம் போட்டுக்கொள்வது என்ற கேள்விக்கே இதனால் ஊருக்கு ஊர் பதில் மாறுகிறது. இது எப்படித் தெரிந்தது என்று யோசித்தால், வேலை வெட்டி இல்லாதது போலத் தோன்றும் ஏப்ரல், மே மாதங்களிலும் யாரோ விடாமல் ஸ்வாப் எடுத்திருக்கிறார்கள். மே மாதத்து நெகட்டிவ்களை அடுக்கி வைத்தால்தான் நவம்பர் உயரமாகத் தெரியும்.

2025 ஜனவரியில் எச்எம்பிவி என்று தொலைக்காட்சிகள் அலறின. சளி, இருமல், காய்ச்சல் தரும் ஒரு வைரஸ் அது. பெங்களூருவில் இரண்டு குழந்தைகளுக்கு, பிறகு சென்னையில் ஒருவர், சேலத்தில் ஒருவர். சித்தப்பா போன் பண்ணி மறுபடியும் ஊரடங்கா, அரிசி வாங்கி வைக்கவா என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. அந்த வைரஸை 2001-லேயே நெதர்லாந்தில் அடையாளம் கண்டுவிட்டார்கள். 1958-ல் எடுத்துப் பாதுகாத்த ரத்த மாதிரிகளிலேயே அதற்கான எதிர்ப்பொருள் இருந்தது. எங்கள் பட்டியலிலும் வருடாவருடம் வந்து போகிற பழைய விருந்தாளிதான். தேடினால் கிடைக்கும், அவ்வளவே. முன்பு எத்தனை இருந்தது என்ற கணக்கு கையில் இருந்தால் ‘இரண்டு பேர்’ செய்தியே இல்லை. அந்தக் கணக்கை யாரும் கேட்கவும் இல்லை, நாங்கள் உரக்கச் சொல்லவும் இல்லை. அது எங்கள் தப்பும்தான்.

என்னை இன்னும் வியக்கவைப்பது யமகாட்டா. இன்ஃபுளுயன்சா பி-யில் விக்டோரியா, யமகாட்டா என்று இரண்டு வம்சங்கள். சேர்ந்த புதிதில் இரண்டையும் மாறி மாறிப் பார்த்திருக்கிறேன். 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகத்தில் எங்கேயும் யமகாட்டா உறுதியாகப் பிடிபடவில்லை. முகக்கவசம், மூடிய பள்ளிகள், நின்றுபோன விமானங்கள் என்று கொரோனாவுக்காகச் செய்த எதிலோ அது வழி தெரியாமல் போய்விட்டது போல. 2023 செப்டம்பரில், தடுப்பூசியில் அது இனி தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு சொல்லியது. ஒரு வைரஸ் இல்லை என்று யாரும் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. எத்தனையோ நாடுகளின் ஆய்வகங்கள் வாராவாரம் தேடி, கிடைக்கவில்லை என்று எழுதியதைச் சேர்த்துத்தான் அப்படிச் சொல்ல முடிந்தது.

போன திங்கள் வந்த பெட்டியில் மூன்று இன்ஃபுளுயன்சா பி. வம்சம் பார்க்கப் பிளேட் போடும்போது புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி, “மேடம், யமகாட்டாவை இன்னும் போடணுமா? வராதுன்னுதான் தெரியுமே” என்றான்.

“போடு” என்றேன்.

பிசிஆரின் 40 சுற்றும் முடிந்தன. விக்டோரியா கோடுகள் மூன்றும் அழகாக மேலே ஏறியிருந்தன. மற்றது தரையோடு தரையாகக் கிடந்தது. அவன் வாசிக்க வாசிக்க நான் பட்டியலில் ஏற்றினேன்: விக்டோரியா 3, யமகாட்டா 0.