இழுத்தால்தான் பிடி

ஜூன் 13
மேட்டூர் திறந்தாச்சு. தஞ்சாவூரில் வடவாறு இன்னும் மணல்தான்.

இளையவர்களுக்கு ஆக்டின் பாடம் எடுத்தேன். 1942-இல் ஹங்கேரியில் ஸ்ட்ராப் என்ற விஞ்ஞானி தசையிலிருந்து பிரித்தெடுத்த புரதம். உருண்டை மூலக்கூறுகள் கோத்துக்கொண்டு 7 நானோமீட்டர் தடிமனுள்ள இழையாகின்றன. ஒரு முனையில் மளமளவென்று சேரும், மறுமுனையில் கழலும். செல்லின் விளிம்பில் ஆர்ப்2/3 என்ற புரதக் கூட்டம் பழைய இழையிலிருந்து சுமார் 70 டிகிரியில் கிளை விட வைக்கிறது. அந்த வலை சவ்வை முன்னே தள்ளுகிறது. சவ்வு எதிர்த்துத் தள்ளுவதால் வலையே பின்னுக்கு நகர்கிறது.

"சார், அப்போ செல் எதைப் பிடிச்சு முன்னேறும்?" என்றான் ஒருவன். சரியான கேள்வி.

ஜூன் 16
கல்லணை திறந்தார்களாம். நான் இருட்டறையில்.

ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற இணைப்புத் திசு செல்களில் ஆக்டினுக்குச் சிவப்புச் சாயம் கோத்த ஃபாலாய்டின். செல் தரையைப் பிடிக்கும் பற்றுமுனைகளில் இருக்கும் வின்குலின் என்ற புரதத்துக்குப் பச்சைச் சாயம். ஃபாலாய்டின் ஒரு நச்சுக் காளானின் விஷம். இழையோடு மட்டும் ஒட்டும், தனி மூலக்கூறைத் தொடாது. தடித்த சிவப்பு இழை ஒவ்வொன்றும் ஓரத்தில் ஒரு பச்சைத் திட்டில் போய் முடிந்தது. திட்டுகள் நீள்வட்டம், இழை போகும் திசையிலேயே.

ஆக்டின் இழைகளை இழுக்கும் புரதமான மயோசினின் இழுவையைக் குறைக்கும் ஒய்-27632 மருந்து விட்ட தட்டில், அரை மணியில் சிவப்பு இழைகள் கரைந்திருந்தன. பெரிய திட்டுகளும் காணோம். விளிம்பில் பொடிப் புள்ளிகள் மட்டும். தரையைப் பிடிக்கும் இன்டெக்ரின் என்ற புரதம் சவ்வில் இருக்கத்தான் செய்கிறது. இழுக்க ஆளில்லை, அவ்வளவுதான்.

பாடநூல் படங்கள்மேல் எனக்குக் கோபம் இதனால்தான். பற்றுமுனைகளை ஆணி அடித்த மாதிரி வரைந்துவிடுகிறார்கள்.

ஜூன் 17
அப்பாயியிடம் சொன்னேன். "மாடு திமிறத் திமிற முடிச்சு இறுகும்ல, அதானே?" என்றது. அதேதான். இன்டெக்ரினையும் ஆக்டினையும் இணைக்கும் டாலின் என்ற புரதம், இழுபடும்போது பிரிந்து விரியும். உள்ளே மறைந்திருந்த இடங்கள் வெளியே வரும், வின்குலின் வந்து ஒட்டும், ஆக்டினோடு பிணைப்பு கூடும். பின்னுக்கு ஓடும் வலை அங்கே மாட்டி நிற்க, விளிம்பில் சேரும் ஆக்டின் முழுக்க முன்னேற்றமாகிறது. அந்தப் பையனுக்குப் பதில் இதுதான்.

ஜூன் 20
மருந்தைக் கழுவி, செல் வளர்க்கும் புதுத் திரவம் ஊற்றிப் பார்த்தேன். நடுவில் கரண்ட் போய் இன்வெர்ட்டர் கத்தியது, அது வழக்கம். இழைகள் மறுபடி தடித்திருந்தன, நுனியில் திட்டுகளும். அடுத்தது லாட்ரன்குலின், செங்கடல் கடற்பஞ்சில் கிடைத்த மருந்து, தனி மூலக்கூறுகளையே பிடித்து முடக்கிவிடும். அதில் பொடிப் புள்ளிகளாவது மிஞ்சுமா என்று பார்க்க வேண்டும்.