பலாச் சக்கை வைத்த பெட்டி

நவம்பர் 2, ஞாயிறு

அம்மாவின் தாயக்கட்டையும் சோழியும் எனக்கு நினைவு தெரிந்த நாளாக ஒரு பிஸ்கட் டின்னில்தான் கிடக்கின்றன. அதற்காகப் போன வாரம் செய்த தேக்குப் பெட்டி இன்று மேசையிலிருந்து விழுந்து, ஒரு மூலை வாயைப் பிளந்துவிட்டது. இடுப்பு உயரம்கூட இருக்காது. பலகை முனைகளை 45 டிகிரியில் அறுத்து, வெளிச்சம் புகாத அளவுக்கு இழைத்துச் சேர்த்த மூலை அது. பிளந்த முகத்தில் பசை தடவிய அடையாளமே இல்லை.

பின் தெரு ஆசாரியாரிடம் எடுத்துப் போனேன். கண் மங்கியதால் உளியைக் கீழே வைத்து நாலைந்து வருஷம் ஆகிறது அவருக்கு. மூலையைக் கட்டைவிரலால்தான் பார்த்தார்.

"தலைப்பக்கம் பசையைக் குடிச்சிடும் தம்பி. குடிக்குமே தவிர பிடிக்காது."

கரும்பை வெட்டினால் முகத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியுமே, மரத்தைக் குறுக்கே அறுத்தாலும் அப்படித்தான். பசை அந்தக் குழல்களுக்குள் இறங்கிவிடும், பிடிப்பதற்கு மேலே மிஞ்சாது. நாரும் நாரும் பக்கவாட்டில் ஒட்டினால்தான் பலம். அதற்கு மூலையின் குறுக்கே காடி (ஒடுங்கிய பள்ளம்) எடுத்து ஒரு மரத்தகட்டைச் செருக வேண்டும். ஸ்பிளைன் என்று சொன்னேன். "சக்கை வைக்கிறதுன்னு சொல்லிட்டுப் போயேன்" என்றார்.

நவம்பர் 4, செவ்வாய்

சக்கைக்கு எந்த மரம் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பரண்மேல் ஒரு பலாப் பலகை இருக்கிறது. 2011 டிசம்பர் 30 காலை 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது, பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் தோப்பு தோப்பாகச் சாய்ந்தன. மாமனார் தோட்டத்தில் விழுந்த மரங்களில் ஒன்றை அறுத்த பலகை இது. விறகுக்குப் போனது போக எங்களுக்கு வந்த பங்கு.

மேலே காப்பிப்பொடி நிறம். இழைப்புளியை ஒரு தள்ளு தள்ளினேன், மஞ்சள் சுருள் எழுந்து வந்தது. இந்த மஞ்சளும் வெளிச்சம் பட்டுப் பட்டுப் பழுப்பாகிவிடும். ஆகட்டும், அதற்குள் கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ளலாம்.

"என்னடா அது?" என்றாள் அம்மா. பலாச் சக்கை என்றேன். "மாட்டுக்குப் போடுறதையா என் பெட்டியில வைக்கப் போற?"

நவம்பர் 9, ஞாயிறு

நான்கு மூலைகளையும் பிரித்து, புதிதாக 45 அறுத்தேன். பழைய ஜன்னல் கதவுத் தேக்கு, ஆனாலும் எண்ணெய்ப் பசை போகவில்லை. அறுத்த முகத்தைத் தின்னரால் துடைத்த கையோடு ஃபெவிகால் வைத்து, ஓர் இரவு முழுக்கக் கட்டிவைத்தேன்.

பெட்டியை மூலை கீழே இருக்கும்படி நிறுத்திப் பிடிக்க ஒரு தொட்டில் வேண்டும். இரண்டு ஒட்டுப்பலகைத் துண்டுகளை V மாதிரி சேர்த்து, டேபிள் ரம்பத்தின் வேலிச்சட்டத்தை (மரத்தை நேராக நடத்தும் பக்கச்சட்டம்) ஒட்டி நகரும்படி செய்துகொண்டேன். பலகைத் தடிமன் 12 மி.மீ., அப்படியென்றால் வெளி முனையிலிருந்து உள்மூலைக்கு 17 மி.மீ. அதைத் தாண்டினால் காடி பெட்டிக்குள்ளே எட்டிப் பார்க்கும். 13-இல் நிறுத்தினேன். மூலைக்கு இரண்டு, மொத்தம் எட்டுக் காடி. பிளேடு தின்பது 3 மி.மீ.

ஒரு வருத்தம். என் பிளேடின் பற்கள் ஒன்று இடம், ஒன்று வலம் என்று சாய்த்துத் தீட்டியவை. காடியின் அடி தட்டையாக இல்லாமல் இரண்டு ஓரத்திலும் பூனைக்காது மாதிரி இன்னும் ஆழமாகப் போய்விட்டது. சக்கை உள்ளே போனபின் அது கறுப்புப் புள்ளியாகத் தெரியும். பல் நுனி தட்டையான பிளேடு வாங்கியிருக்க வேண்டும்.

நவம்பர் 12, புதன்

மழை. கரண்ட் இல்லை. உப்புக் காற்றில் இழைப்புளி அலகு துருப்பிடித்துக் கிடந்தது. தேய்த்துத் தேங்காய் எண்ணெய் தடவி வைத்தேன்.

நவம்பர் 16, ஞாயிறு

முதல் சக்கை கட்டைவிரல் அழுத்தலுக்கே அப்பளமாக நொறுங்கியது. நாரை மூலைக்கோட்டோடு ஓட விட்டு நறுக்கியிருக்கிறேன்! ஒரு பலகையிலிருந்து அடுத்த பலகைக்கு நார் குறுக்கே கடந்தால்தானே இரண்டையும் பிடித்து நிறுத்தும். எதற்காக இதைச் செய்கிறோம் என்பதையே கை மறந்துவிட்டது.

திரும்ப நறுக்கினேன். கையால் அழுத்தினால் நுழைய வேண்டும், பெட்டியைக் கவிழ்த்தால் விழக் கூடாது. அந்தப் பதத்துக்கு இழைத்தும் ஐந்தாவது பாதியில் நின்றுவிட்டது. காடிக்குள் பசையைப் பூசிவிட்டு, மற்றதை எடுக்கப் போன இரண்டு நிமிஷத்தில் ஈரம் குடித்து உப்பியிருக்கிறது. கொட்டாப்புளியால் தட்டி இறக்கினேன். மீதி மூன்றையும் இன்னும் நாலு இழை மெலித்தேன். பசையை ஒன்றுக்குப் பூசினால் ஒன்றைச் செருகுவது, அவ்வளவுதான்.

நவம்பர் 17, திங்கள்

ஆபீஸ் போகும்முன் நீட்டிக்கொண்டிருந்த சக்கைகளை அறுத்துவிட்டு உளி பிடித்தேன். மூலையிலிருந்து பெட்டியின் நடுப்பக்கமாகத் தள்ள வேண்டும். ஏழு அப்படியே வந்தன. எட்டாவதில் பஸ் நினைப்பு, வெளிப்பக்கமாகத் தள்ளிவிட்டேன். விளிம்பில் ஒரு சிராய் பிய்ந்து போனது, அரை அரிசி அளவு. மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தேன். அந்த மூலை பின்பக்கம்.

நவம்பர் 23, ஞாயிறு

உப்புத்தாள், மெழுகு. தேக்கின் மூலைகளில் மஞ்சள் கோடுகள் இரண்டிரண்டாக நிற்கின்றன. அம்மா கட்டைகளை உள்ளே போட்டு ஆட்டிப் பார்த்துவிட்டு, டின் மாதிரி சத்தம் வரவில்லை என்றாள்.

மாலையில் ஆசாரியாரிடம் கொடுத்தேன். மூலை மூலையாகக் கட்டைவிரலை ஓட்டிக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இங்க வெளிய தள்ளிட்ட, இல்ல?"