ஒலி மட்டும்

எங்கள் பறவை நோக்கர் குழுவின் வசந்தகால மலைப்பயணம் முடிந்து நேற்றிரவு திரும்பினேன். குழுவின் குறிப்பேட்டில் இம்முறை பாதிக்கு மேற்பட்ட பெயர்களுக்கு எதிரே "ஒலி மட்டும்" என்றே எழுதப்பட்டிருக்கிறது. கண்ணால் காணாததைக் கணக்கில் சேர்ப்பது ஏமாற்று என்று பல ஆண்டுகளாக வாதிட்டு வந்தவன் நான்.

உயரம் கூடக்கூட, ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறைவதால், மலையில் வசந்தம் கீழிருந்து மேலாகவே ஏறுகிறது. அடிவாரத்தில் குஞ்சுகளுக்கு இரை சுமந்து பறந்த பறவைகளின் இனத்தார், மேல்காட்டில் அப்போதுதான் எல்லை வகுத்துப் பாடிக்கொண்டிருந்தனர். மரங்கொத்திகள் காய்ந்த கிளைகளைப் பறையாக்கி அதிரவைத்தன. அவை இரை தேடிக் கொத்தும் ஒலி வேறு, எல்லையை அறிவிக்கும் இந்த அதிர்வு வேறு.

சனிக்கிழமை விடியலில் மூடுபனி காட்டை மறைத்துவிட்டது. 42 மி.மீ. வில்லை கொண்ட பைனாகுலர்களில் 10 மடங்கைவிட 8 மடங்கு உருப்பெருக்கமே மங்கிய வெளிச்சத்துக்கு ஏற்றது என்று முந்தின நாள் நான் விளக்கியதெல்லாம் வீணாயிற்று. தலைக்கு மேலே இலைக் கதிர்க்குருவி ஒன்று விடாமல் பாடியது. நிறத்திலும் அளவிலும் ஒன்றையொன்று ஒத்திருக்கும் இக்குடும்பத்துப் பறவைகளைப் பார்த்துப் பிரித்தறிவது தேர்ந்தவர்களுக்கே கடினம். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் செல்போர்ன் கிராமத்தில் வாழ்ந்த இயற்கையியலாளர் கில்பர்ட் வைட், ஒரே இனமாகக் கருதப்படக்கூடிய மூன்று கதிர்க்குருவிகள் வெவ்வேறு இனங்கள் என்று உணர்ந்ததில் அவற்றின் பாட்டுக்குப் பெரும்பங்கு உண்டு. இதை நண்பர் ஒருவர் நினைவூட்டியபோது என் வாதம் சற்றே தளர்ந்தது.

புதிதாகச் சேர்ந்த உறுப்பினர் ஒருவர், கைப்பேசியில் அந்தக் கதிர்க்குருவியின் பாட்டை ஒலிக்கவிட்டு அதை வெளியே வரவழைக்கலாமே என்றார். கேட்பதற்கு எளிய வழிதான். ஆனால் இனப்பெருக்கக் காலத்தில் ஆண்பறவை அதைப் போட்டியாளனின் குரலாகக் கருதி, இல்லாத எதிரியைத் துரத்துவதில் நேரத்தையும் ஆற்றலையும் இழக்கும். வேண்டாம் என்று தடுத்தவர்களில் நானும் ஒருவன். குரலை மட்டும் பதிவு செய்துகொண்டோம்.

நண்பகலுக்கு முன் பனி கலைந்து, வெப்பக்காற்றில் வட்டமிட்டு உயர்ந்த கழுகுகளைக் கண்குளிரப் பார்த்தோம்.

ஞாயிறு காலை, இறங்கும் வழியில் அதே மரத்தடியில் மீண்டும் நின்றேன். வானம் தெளிவாக இருந்தது. குருவியும் பாடிக்கொண்டுதான் இருந்தது. கழுத்து வலிக்கும்வரை தேடியும் அசைந்த இலைகளைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாததால், குறிப்பேட்டில் அந்த வரியை நான் திருத்தவில்லை.