ஜீப் போன்ற வண்டிகளில் வரும் டானா 44 ஆக்ஸிலில் கிரவுன்-பினியன் (ஒன்றோடொன்று பொருந்தும் பெரிய, சிறிய பல்சக்கர ஜோடி) மாற்றுகிறீர்களா?

முதலில் கேரியரை, அதாவது கிரவுன் பூட்டப்படும் கூட்டைப் பாருங்கள். கியர் விகிதம் 3.73 வரைக்கும் ஒன்று, 3.92-உம் அதற்கு மேலும் வேறொன்று. மாற்றி வாங்கினால் வேலையே நடக்காது. டயல் கேஜும் இன்ச்-பவுண்டு டார்க் ரெஞ்சும் இல்லாமல் இறங்கவே வேண்டாம்.

கழற்றும் முன் இரண்டு பேரிங் கேப்பிலும் பஞ்ச் அடையாளம் போடுங்கள். இடம் வலம் மாறினால் பேரிங் போய்விடும்.

பழைய பேரிங்கின் உள்துளையைக் கொஞ்சம் தேய்த்து, கையால் நுழையும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) மாற்ற ஐந்தாறு முறை கழற்ற வேண்டியிருக்கும், ஒவ்வொரு முறையும் பிரஸ்ஸில் போட்டால் புது பேரிங் நாசம்.

பேக்லாஷ், அதாவது இரண்டு சக்கரப் பற்களுக்கிடையே உள்ள தளர்வு, 0.15 முதல் 0.25 மி.மீ. அதை வைத்தபின் நான்கைந்து பல்லில் மஞ்சள் பேஸ்ட் தடவி, கிரவுனைக் கையால் பிடித்து இறுக்கம் கொடுத்தபடி பினியனை இரு பக்கமும் சுற்றுங்கள். தடம் பல்லின் அடியில் விழுந்தால் பினியன் அதிகம் உள்ளே போயிருக்கிறது, பினியனின் உள் பேரிங் கப்புக்கு (வெளி வளையத்துக்கு) பின்னாலுள்ள ஷிம்மைக் குறையுங்கள். நுனியில் விழுந்தால் கூட்டுங்கள். தடம் நடு உயரத்தில் விழுந்து, அதன் ஓரங்கள் கரைந்து மங்க வேண்டும். ஓரம் கோடு வெட்டியதுபோல் நின்றால் ஆழம் இன்னும் சரியில்லை. பலரும் இங்கேதான் பேக்லாஷை மட்டும் மாற்றிச் சமாளிக்கிறார்கள். சத்தம் போகாது.

பேக்லாஷ் 0.07 மி.மீ. மாற, கேரியர் ஏறக்குறைய 0.10 மி.மீ. நகர வேண்டும்.

முதல் ஓட்டம் 20 கி.மீ., நிதானமாக. நன்றாக ஆறவிடுங்கள். 800 கி.மீ.யில் ஆயிலை மாற்றுங்கள்.